தொடர்ச்சி ஆறாம் பக்கம்

மாண்புமிகு ஞாயிறு இணைப்பின் ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பெயிண்டர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டாரும், எழுத்துக் கோப்பவர்களும், பிழை பார்ப்பவர்களும், அச்சு இயந்திரமும், விடியுமுன் கட்டுக்கட்டாகச் சுமந்துபோய்ப் போடுகிறவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நான் வெளியாள் ஒருவருக்கு எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து வகுப்பில் எழுதிய கடிதங்கள் உண்டு. வராத காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்டு மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். தொலையாத சைக்கிளைத் தேடித் தரும்படி காவல் நிலையத்துக்கு எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் டீச்சர் நல்ல மதிப்பெண் போட்டார். உண்மையாக நடந்த ஒன்றைப் பற்றி எழுதுவது இப்போதுதான். மெதுவாக எழுதுகிறேன், தாங்களும் மெதுவாகவே படிக்கலாம், எனக்கு அவசரம் இல்லை.

சுவருக்கு வண்ணம் அடிப்பது என் தொழிலாக இருந்தது. எழுத்து எழுதுகிறவர் வேறு ஆள். நான் சுவரை வெளுப்பாக்கிவிட்டு இறங்குவேன், அவர் ஏறி எழுதுவார், நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன். தங்கள் பத்திரிகை எனக்கு நெடுநாள் பழக்கம். தரையில் பெயிண்ட் சொட்டாமல் இருக்க அதைத்தான் விரிப்போம். மற்றப் பத்திரிகைகள் சீக்கிரம் ஊறிவிடும், தங்களுடையது தாங்கும். இதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்ளவும். அத்தனை காலமும் அதன்மேல் நின்றவன் இப்போதுதான் குனிந்து பார்க்கிறேன்; பார்த்தால் உள்ளே எவ்வளவு நடக்கிறது!

விஷயம் என்னவென்றால், தங்கள் இணைப்பின் இரண்டாம் பக்கத்தில் ‘உள்ளிருந்து ஆள்பவர்கள்’ என்று ஒரு கட்டுரை வாராவாரம் வருகிறது அல்லவா? அதை எழுதும் மனநூல் அறிஞர் யார் என்று தெரியவில்லை. பெயருக்குப் பதிலாக ஒரு மூக்குக்கண்ணாடியின் படத்தைத்தான் போடுகிறீர்கள். என் வாழ்நாளில் முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்து வரை நானாகப் படித்து முடித்தது அதுதான். ‘தொல்படிமம்’ என்ற ஒரு சொல்லைத் தாண்ட எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. தாண்டி நிமிர்ந்தபோது காபி ஆறியிருந்தது, எனக்கு மட்டும் உடம்பெல்லாம் சூடாக இருந்தது.

அறிஞர் சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு மனிதனுக்கும் அவனுக்கே தெரியாத ஒரு கீழ்த்தளம் உள்ளே இருக்கிறது. அந்தத் தளம் உலகத்தார் எல்லோருக்கும் பொது. அங்கே சில பழைய ஆட்கள் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறார்கள். அரசன் ஒருவன், வீரன் ஒருவன், பெருந்தாய் ஒருத்தி, வயதே ஏறாத பிள்ளை ஒருவன், ஆளைச் சுற்றிவிடும் எத்தன் ஒருவன், முதிய ஞானி ஒருவர். எந்த நாட்டில் தோண்டினாலும் இதே ஆட்கள்தான். நாம் யோசித்து ஓட்டுப் போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் இவர்கள்தான் நம் கையைப் பிடித்துப் போடவைக்கிறார்கள். அப்பாவிடம் கிடைக்காததைத் தலைவரிடம் தேடுகிறோம். நம்மிடம் நமக்கே பிடிக்காததை எல்லாம் மூட்டை கட்டி எதிர்க்கட்சியின் தலையில் ஏற்றிவிட்டு, அந்த மூட்டையைப் பார்த்துக் கல்லெறிகிறோம். அந்த மூட்டைக்கு அறிஞர் வைத்திருக்கும் பெயர் நிழல். எனக்கு இது பளிச்சென்று விளங்கியது. ஈரம் இறங்கிய சுவரில் மேலே எத்தனை கோட் அடித்தாலும் ஒருநாள் உள்ளே இருப்பது பூத்துக்கொண்டு வெளியே வரும். இதற்கு இவ்வளவு பெரிய படிப்பு இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அரசியல் அதுவரை எனக்குப் பிடிபட்டதில்லை. இப்போது டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன், எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. என் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினேன்.

“இந்த ஆளைப் பாரு, கையை வீசி வீசிப் பேசுறாரு. இவரு வீரன். சண்டை இல்லன்னா இவருக்குச் சாப்பாடு இறங்காது. நடுவுல இருக்கறவரு அரசன். எது கேட்டாலும் பதில் வராது, தலை மட்டும் ஆடும்.”

“ஓரத்துல ஒருத்தரு தூங்குறாரே, அவரு?”

“அவரு முதிய ஞானி.”

“அப்ப நம்ம வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு” என்று எழுந்து போய்விட்டாள்.

பெருந்தாய்க்கு இரண்டு முகம் உண்டு, ஒன்று ஊட்டும், இன்னொன்று விழுங்கும் என்று அடுத்த வாரம் வந்தது. அதை அவளிடம் சொல்வதற்கு, அவள் எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது சரியில்லைதான். “இப்ப பரிமாறுறது எந்த முகம்?” என்று கேட்டாள். “ஊட்டுற முகம்” என்றேன். “அப்ப இவ்வளவு போதும். அந்த இன்னொரு முகத்துக்கும் பசிக்கும்ல?” என்று கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டு மூடிவிட்டாள். என் மாப்பிள்ளை வயதேறாத பிள்ளை என்பதைக் கண்டுபிடித்து மகளிடம் ரகசியமாகச் சொன்னேன். “இதைக் கண்டுபிடிக்க நீங்க எழுத்துக் கூட்டிப் படிக்கணுமாப்பா? என்கிட்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே” என்றாள். ஆக, தங்கள் கட்டுரை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயன்பட்டது. சம்பந்தி விஷயத்தில்தான் கோளாறாகிவிட்டது.

சம்பந்தி என்றால் என் மாப்பிள்ளையின் தகப்பனார். இதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிறார். என் மகளும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மருந்துக் கிடங்கு ஒன்றில் இருப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் தலைவர். மொட்டைமாடி, மோட்டார் அறை, மீட்டர் பெட்டி என்று கட்டடத்துச் சாவிகள் அத்தனையும் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்கும். பிள்ளைகள் அவரைச் சாவிக்கொத்து என்பார்கள். அவர் வருவதற்கு முன்பே அவர் வருவது கேட்டுவிடும்.

மாலையில் மோட்டார் அறைக்கு வெளியே இருக்கும் சிமென்ட் பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்காருவோம். தங்கள் பத்திரிகையை அவர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். கல்யாணம் முடிந்த மறுவாரமே ஆரம்பித்த பழக்கம் அது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. “கண்ணாடி எடுத்துட்டு வரலையா சம்பந்தி? பரவால்ல, நானே படிக்கறேன்” என்பார். என்னிடம் கண்ணாடியே கிடையாது என்பது அவருக்குத் தெரியும். இரண்டாம் பக்கம் வந்ததும் “இது வெறும் விளம்பரம்” என்று புரட்டிவிடுவார். அவருக்கு மனநூல் பிடிக்காது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கியதும் நான் போய்ச் சேர்ந்தது என் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். சம்பந்தியிடம் மறைத்தேன். ஒருநாள் திடீரென்று அவர் முன்னால் கடகடவென்று படித்து அவரை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகக் கடையில் எனக்கென்று தனியாகப் பத்திரிகை வாங்கி, காலையில் முதல் பக்கத்துத் தலைப்புகளைக் கூட்டிப் படித்துவிட்டு, மாலையில் பெஞ்சுக்குப் போவேன். அவர் படிப்பதைக் கேட்டு நான் படித்தது சரியா என்று பார்த்துக்கொள்வேன். அப்படிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் குழப்பம் வந்தது. காலையில் எனக்குப் ‘பாலம் இடிந்தது’ என்று இருந்தது மாலையில் அவர் வாயில் “பாலத்துல லேசா ஒரு கீறல், ஆளு போய்ப் பூசிக்கிட்டு இருக்காங்க” என்று வந்தது. ‘விலை கடும் உயர்வு’ என்பது “விலை ஏறும்னு பயந்தாங்க, ஏறல” என்றாயிற்று. ‘இரு அமைச்சர்கள் மோதல்’ என்பது “ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீர்த்துக்கிட்டாங்க, நல்ல பசங்க” என்றாயிற்று. நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று முதலில் கலங்கினேன். தலைப்புகளை டீச்சரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். “சரியாத்தானே படிக்கிறீங்க, எதுக்கு முகம் இப்படி இருக்கு?” என்றார்.

அந்த வாரம் பார்த்து எத்தன் பற்றிய கட்டுரை வந்தது. ‘எத்தன் அரியணை ஏறினால் முதலில் செய்தியைத்தான் வளைப்பான்’ என்று அறிஞர் எழுதியிருந்தார். ஐயா, எனக்குச் சிலிர்த்துவிட்டது. பெரிய பெரிய நாடுகளில் நடப்பதாக நான் நினைத்திருந்தது மோட்டார் அறை பெஞ்சிலேயே நடந்துகொண்டிருக்கிறது! எங்கள் கட்டடத்தின் அரசன், சாவியை மட்டும் அல்ல, செய்தியையும் தன் இடுப்பில் தொங்கவிட்டிருக்கிறான்! கோபம் வரவில்லை, ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம்தான் வந்தது. ஒன்றும் தெரியாதவன் போல் தினமும் போய் உட்கார்ந்து “அப்படியா சம்பந்தி” என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில் சங்கத் தேர்தல் வந்தது. இதுவரை யாரும் போட்டி போட்டதில்லை. வாகனம் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போடுவார்கள், நான் எழுந்து “சம்பந்தியை முன்மொழியறேன்” என்பேன், எல்லோரும் சரி என்பார்கள், கலைந்துபோவோம். இந்தத் தடவை முதல் மாடிப் பல் டாக்டர் நிற்கப்போவதாக அறிவித்துவிட்டார். புது மோட்டார், வாசலில் கேமரா என்றெல்லாம் வாக்குக் கொடுத்தார். பல்லைப் பிடுங்கும்போதுகூட அவர் அப்படித்தான் வாக்குக் கொடுப்பார். என் சம்பந்தியை எப்படியாவது ஜெயிக்கவைக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். இந்த இடத்தைத் தாங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும்: நான் செய்தது எல்லாம் அவர் ஜெயிப்பதற்காகத்தான். வெறுமனே முன்மொழியாமல், என் கையால் எழுதி, எல்லோர் முன்னாலும் தாளைப் பார்த்துப் படித்து முன்மொழிவது என்று முடிவு செய்தேன். அவரும் அசந்துபோவார், ஓட்டும் விழும்.

என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் ‘தலைவரின் நிழல்’ வந்தது. தங்களிடம் அதன் பிரதி இருக்கும், எடுத்துப் பார்க்கவும். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரிகள் இவை: ‘தன் நிழலைத் தானே காண எந்தத் தலைவராலும் இயலாது. அவரை நேசிக்கும் ஒருவர் துணிந்து முன்வந்து, பலரும் அறிய, அந்த நிழலின்மேல் விளக்கைப் பிடித்தால்’. அவ்வளவுதான், பக்கம் முடிந்துவிட்டது. முந்தைய கட்டுரைகள் எல்லாம் அதே பக்கத்தில் முடிந்தவை. இதுவும் அப்படித்தான் முடிகிறது என்று நினைத்தேன். பெரிய அறிஞர்கள் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார்கள் போலிருக்கிறது, மீதியை நாம் செய்துகாட்ட வேண்டும் என்பது பொருள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. பெயிண்ட் டப்பாவின் அடியிலும் பொடி எழுத்து இருக்கும். யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை.

கூட்டம் நடந்த அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு, தாளைப் பிரித்து, நான் படித்தது இது: “அனைவருக்கும் வணக்கம். என் சம்பந்தி ஓர் அரசர். அரசருக்கு நிழல் உண்டு. நான் அவரை நேசிப்பதால் விளக்கைப் பிடிக்கிறேன். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும்படி அவர் நமக்கு நோட்டீஸ் ஒட்டுகிறார்; அவர் குளியலறையில் மூடி போட்ட பெரிய டிரம் இருக்கிறது. படியேறுவது உடம்புக்கு நல்லது என்கிறார். உண்மையில் அவருக்கு லிப்டுக்குள் போகப் பயம். அசுத்தமாகும் என்று மொட்டைமாடியைப் பூட்டுகிறார். பூட்டிக்கொண்டு உள்ளே நின்று பாட்டுப் பாடுகிறார். எனக்குப் பத்திரிகை படித்துக் காட்டும்போது அதில் இல்லாததை எல்லாம் சேர்த்துப் படிக்கிறார். இத்தனை நிழலும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டபடியால், இனி அவர் நல்ல தலைவராக இருப்பார் என்று உறுதி கூறி, அவரையே முன்மொழிகிறேன்.” நான் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டவர்கள் மனத்தில் நன்றாக இறங்கியது.

பல் டாக்டர் மட்டும் கைதட்டினார். “டிரம் எவ்வளவு பெருசு?” என்று பின்வரிசையில் ஒரு பெண்மணி கேட்டார். என் சம்பந்தி முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டு எண்ணினார்கள். பல் டாக்டர் ஜெயித்தார். சம்பந்தி எழுந்து, சாவிவளையத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவர் நடப்பது கேட்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து அவர் பெஞ்சுக்கு வருவதில்லை. நான் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கையில் பத்திரிகை இருக்கிறது, இப்போது எனக்குப் படிக்கவும் தெரியும், ஆனால் மோட்டார் அறைக்கு முன்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்து படிக்க வெட்கமாக இருக்கிறது. மகளை மாடிப்படியில் பிடித்துக் கேட்டேன்.

“என்னம்மா பண்றாரு?”

“பேப்பரை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காருப்பா. பிரிக்கறதே இல்ல.”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“நேத்து ‘உங்கப்பா’ன்னு ஆரம்பிச்சாரு. அப்புறம் தண்ணி வேணும்னாரு. ஏம்ப்பா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் கிடந்து முழிக்கறேன். அங்க அவரு முகத்தைத் தூக்கி வச்சிருக்காரு, மேல வந்தா நீங்க. எனக்கு உக்கார ஒரு இடம் வேணாமா?”

மகள் அப்படிச் சொன்னது எனக்கு மிகவும் உறைத்தது. உடனே ஒரு தாளில் ‘சம்பந்தி அவர்களே, மன்னிக்கவும், பெஞ்சுக்கு வரவும்’ என்று என்னால் முடிந்த அளவு அழகாக எழுதி, அவள் கையில் கொடுத்தனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள். தாள் மடித்தபடியே இருந்தது.

“கண்ணாடி இல்ல, படிக்க முடியாதுன்னு சொல்லிட்டாருப்பா.”

“கண்ணாடி எங்கேயாம்?”

“மூக்கு மேலதான் இருந்துச்சு.”

ஆறாம் பக்கம் எனக்குக் கிடைத்தது அதற்கும் பிறகுதான். அடுப்பைத் துடைக்க உதவும்படி மனைவி கூப்பிட்டாள். தூக்கிப் பார்த்தால் அடியில் தங்கள் ஞாயிறு இணைப்பு. எண்ணெய் படாமல் இருக்க அவள் விரித்தது. ஓரத்தில் மூக்குக்கண்ணாடி படமும், ‘இரண்டாம் பக்கத் தொடர்ச்சி’ என்றும் இருந்தது. அடுப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே அந்த முதல் வரியைப் படித்தேன். ‘அதைவிடப் பெரிய மூடத்தனம் வேறு இல்லை’ என்று இருந்தது. “அடுப்பைக் கீழ வைங்க” என்று அவள் சொல்லச் சொல்ல நான் மேலும் படித்தேன். ‘பிறரிடம் நாம் காணும் நிழலில் பெரும்பங்கு நம்முடையதே. ஊரார் தலைமேல் விளக்கைப் பிடிப்பவன் தன் காலடியைப் பார்ப்பதில்லை. முதலில் சொந்த வீட்டில் தேடுக’ என்று இருந்தது.

தேடினேன், ஐயா. என் குளியலறையில் இருப்பது பெயிண்ட் கம்பெனி டிரம், ஒன்றல்ல, இரண்டு. மொட்டைமாடிக்கு நான் ரகசியமாக மாற்றுச்சாவி செய்து வைத்திருக்கிறேன், பழைய பிரஷ்களைக் காயவைக்க. லிப்டில் எனக்குப் பயம் இல்லை என்று இங்கே எழுத வந்தேன். தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த என் மனைவி சிரித்துவிட்டாள். கயிற்றில் தொங்கிக்கொண்டு எத்தனையோ மாடி வண்ணம் அடித்தவன்தான் நான், ஆனால் அந்தப் பெட்டிக்குள் கதவு மூடினால் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். சேர்த்துப் படித்தார் என்று அவரைச் சொன்னேன். படிக்கத் தெரிந்திருந்தும் தெரியாதவன் போல் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டியது யார்? அவர் நிழல் என்று மைக்கில் நான் படித்த பட்டியல் முழுவதும் என் வீட்டு முகவரிக்கு உரியது.

ஆகவே தங்களிடம் சில வேண்டுகோள்கள். கட்டுரையை இப்படிப் பாதியில் உடைத்து வேறு பக்கத்தில் போடக் கூடாது. அப்படியே போட்டாலும், ஆபத்தான பகுதியை முதலில் போட்டுவிட்டு, ஆசைகாட்டும் பகுதியைப் பின்னால் வைக்க வேண்டும். என்னைப் போல் மெதுவாகப் படிப்பவர்கள் பாதி படித்ததுமே காரியத்தில் இறங்கிவிடுகிறோம். தங்கள் அறிஞர் வேகமாகப் படிக்கிறவர்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதுகிறார். எல்லா நாட்டு மனிதருக்கும் பொதுவான கீழ்த்தளத்தை அவர் ஆராய்ந்திருக்கிறார், சரி. எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இதையும் அவரிடம் சொல்லிவிடவும்.

முக்கியமான வேண்டுகோள் இதுதான். என் சம்பந்தி யார் சொல்வதையும் நம்ப மாட்டார், அச்சில் வந்தால் நம்புவார். வரும் ஞாயிற்றுக்கிழமை, ‘முடி இழந்த அரசர் மாலையில் பழைய நண்பருடன் பெஞ்சில் உட்காருவதே மனத்துக்கு நல்லது என்று ஆராய்ச்சியில் தெரிகிறது’ என்று நாலு வரி போட்டுவிட வேண்டும். இரண்டாம் பக்கத்தில் வேண்டாம், அதை அவர் புரட்டிவிடுவார். முதல் பக்கத்தில், வானிலைக்குப் பக்கத்தில் போடவும். வானிலையை மட்டும் அவர் மாற்றாமல் படிப்பார்.

தாங்கள் நீண்ட ஆயுளும், தங்கள் பத்திரிகை எப்போதும்போல் உறுதியான தாளும் பெற்று விளங்க வேண்டும். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், மூக்குக்கண்ணாடி அறிஞருக்கு என் மரியாதையையும், அதோடு சேர்த்து என் வருத்தத்தையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மெதுவான வாசகர்,
மூன்றாம் மாடி பெயிண்டர்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போன நேரத்தில் கதவு தட்டினார்கள். திறந்தால் சம்பந்தி. மூச்சு வாங்குகிறது, படியேறித்தான் வந்திருக்கிறார்.

“என்னைப் பத்திப் பேப்பருக்கு எழுதறீங்களாமே? மருமக சொன்னா. கொண்டாங்க அதை.”

கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் மனத்துக்குள் படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தோத்ததுல எனக்குக் கோவம்ங்கற மாதிரி எழுதியிருக்கீங்க. சம்பந்தி, நானே பல் டாக்டருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். இந்தச் சாவியை யாராவது வாங்கிக்க மாட்டாங்களான்னு எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா? இடுப்பெல்லாம் தழும்பு.”

“அப்ப டிரம், லிப்ட்டு, பாட்டு…”

“அது இந்தக் கட்டடத்துல பொறந்த குழந்தைக்கும் தெரியும். உங்க பேச்சைக் கேட்டு ஒருத்தரும் ஓட்டை மாத்தல.”

“அப்புறம் எதுக்குப் பெஞ்சுக்கு வரல?”

கடிதத்தை மடித்து மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: “தாளைப் பாத்துப் படிச்சீங்க பாருங்க, அதுக்கு. எப்ப கத்துக்கிட்டீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. உங்களுக்கே படிக்கத் தெரியும்னா இனிமே சாயங்காலம் நான் எதுக்கு வர்றது?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அறிஞரின் எந்தக் கட்டுரையிலும் இது வரவில்லை. “இல்லாததை எல்லாம் சேர்த்துப் படிச்சீங்களே” என்று மட்டும் கேட்டேன்.

“உங்களுக்கு பிரஷர். ஒரு நாள் தீ விபத்துன்னு படிச்சேன், வீட்டுக்குப் போயி மயக்கமாயிட்டீங்க. உங்க வீட்டம்மாதான் வந்து ‘கொஞ்சம் பாத்துப் படிங்கண்ணே’ன்னாங்க. பாத்துப் படிச்சேன்.”

நான் மனைவி பக்கம் திரும்பினேன். ஏற்கெனவே துடைத்த அடுப்பை அவள் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே, ஐயா, மேலே எழுதியதில் எதையும் அச்சிட வேண்டாம். அரசனும் இல்லை, எத்தனும் இல்லை, செய்தியை வளைத்த ஆட்சியும் இல்லை. என் ஒரு பேச்சில் ஓர் அரசு கவிழ்ந்தது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதுவும் இல்லை. வானிலைக்குப் பக்கத்தில் போடச் சொன்ன நாலு வரியும் தேவைப்படாது. நாளை மாலை பெஞ்சுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். தலைப்பை நான் படிப்பது, மற்றதை அவர் படிப்பது என்று ஏற்பாடு.

இதைத் தனித்தாளில் எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது அவர் அந்தக் கடிதத்தை என் மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். நான் பேசி முடித்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியதாக அதில் வருகிறது. நான் அப்படி எழுதவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை.